எக்ஸ்டேர்னல் 'செய்யிற' பிள்ளையும் படிக்கிற பிள்ளைதான்

எங்கட பக்கத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போனால் "அவ கம்பஸ் படிக்கிறா" என்பார்கள். அதே பட்டத்தை இன்னொரு பிள்ளை வீட்டில் இருந்தபடி வெளிவாரியாகப் படித்தால் "அவ எக்ஸ்டேர்னல் செய்யிறா" என்பார்கள். ஒருத்தி படிக்கிறாள், மற்றவள் செய்கிறாள். கேக் ஓடர் செய்யிறா, புடவை வியாபாரம் செய்யிறா, எக்ஸ்டேர்னல் செய்யிறா. மட்டக்களப்பில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வாய் தானாகவே இப்படிப் பிரித்துத்தான் சொல்லும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு வினைச்சொல் மாறுகிற இடத்தில் ஒருத்தியிடமிருந்து 'மாணவி' என்ற பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறோம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

நான் செங்கலடியில் தட்டச்சும் போட்டோ கொப்பியும் செய்யும் கடை வைத்திருக்கிறேன். பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியில் ஏறுகிற சந்திக்குக் கிட்ட. வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகள் ஒப்படையும் (அசைன்மென்ட்) ஆய்வும் அடிக்கக் கொண்டு வருவார்கள். கல்வியியற் கல்லூரிப் பிள்ளைகள் பாடத்திட்டத்தைப் பிரதி எடுக்க வருவார்கள். வெளிவாரிப் பிள்ளைகள் பதிவுப் படிவம் நிரப்ப வருவார்கள். ஏறாவூரில் இருந்து வாப்பாமார், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளியான இசட் ஸ்கோர் மகளுக்கு எவ்வளவு என்று பார்த்துத் தரச் சொல்லி வருவார்கள். படிக்கிறவர்களை என்ன பெயரால் அழைக்கிறோம் என்பது தாளில் எப்படி எழுதப்படுகிறது, வாயில் எப்படிச் சொல்லப்படுகிறது, இரண்டையும் ஒரே மேசையில் இருந்து பார்க்கிறவள் நான்.

முதலில் 'கல்லூரி மாணவர்' என்ற சொல்லை எடுப்போம். தமிழ்நாட்டில் இருந்து வருகிற நாடகத்திலும் செய்தியிலும் கல்லூரி மாணவி என்றால் பதினெட்டு வயது தாண்டியவள், பட்டப்படிப்புப் படிக்கிறவள். எங்களுக்குக் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் கல்லூரிதான், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் கல்லூரிதான். அந்தக் காலத்து மிஷன் பள்ளிக்கூடங்கள் 'கொலிஜ்' என்று பெயர் வைத்தார்கள், அது அப்படியே கல்லூரியாகி நிலைத்துவிட்டது. ஆகவே எங்கட ஊரில் வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் போட்ட பொடியனும் கல்லூரி மாணவன். என்ட பெரியம்மா இந்தியத் தொலைக்காட்சியில் "கல்லூரி மாணவி காதலனுடன் ஓட்டம்" என்ற செய்தியைப் பார்த்து, "பள்ளிக்கூடம் போற வயசில என்ன வேலை இது, தாய் தகப்பன் பார்க்கிறல்லையோ" என்று அன்றைக்கு முழுக்கக் கவலைப்பட்டவ. அந்தப் பிள்ளைக்கு இருபத்தொரு வயது என்று சொன்ன பிறகுதான் ஆறினா. வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற இந்தியத் தமிழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பில் ஒருவர் "நான் கல்லூரியில் படிக்கும்போது" என்று தொடங்கினால் அவர் ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) படித்த காலத்தைச் சொல்கிறார்.

கல்லூரி என்று பெயர் இருந்தும் பள்ளிக்கூடம் இல்லாத இடங்களும் உண்டு. கல்வியியற் கல்லூரி, தாதியர் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, அரபுக் கல்லூரி. அங்கே படிக்கிறவர்களுக்குத் தனித்தனிப் பெயர். ஆசிரியர் ஆகப் படிக்கிறவர் ஆசிரிய பயிலுநர். தாதியாகப் படிக்கிறவர் தாதிய மாணவி. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் படிக்கிறவர்களை எல்லாரும் 'ஏ.டி.ஐ. பிள்ளைகள்' என்றுதான் சொல்வார்கள், முழுப்பெயரை என்ட கடையில் தட்டச்சில் மட்டும்தான் பார்க்கலாம். அரபுக் கல்லூரியில் இருக்கிற பிள்ளையைக் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் 'ஓதுற புள்ள' என்பார்கள். "மூத்தவன் படிக்கிறான், இளையவன் ஓதுறான்" என்று ஒரு உம்மா சொன்னால், ஒருவன் பள்ளிக்கூடத்திலோ கம்பஸிலோ, மற்றவன் மத்ரஸாவில் என்று கேட்டவருக்கு உடனே விளங்கிவிடும். இங்கேயும் வினைச்சொல்தான் ஆளைப் பிரிக்கிறது. ஆனால் ஓதுறது என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது, சிலர் படிப்பை விடவும் ஒரு படி மேலாகவே அதை வைப்பார்கள். 'செய்யிறது' அப்படி இல்லை.

கல்லடியில் விபுலாநந்தர் பெயரால் இருக்கிற நிறுவகத்தின் கதையும் இதற்குள் வரும். 1982இல் அது இசை நடனக் கல்லூரியாகத்தான் தொடங்கியது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அழகியற் கற்கைகள் நிறுவகம் ஆனது. படிப்பு பட்டப்படிப்பானது, பிள்ளைகள் பல்கலைக்கழக மாணவர் ஆனார்கள். ஆனாலும் கல்லடியில் வயதானவர்கள் இன்னும் "டான்ஸ் படிக்கிற புள்ளைகள்" என்றுதான் சொல்கிறார்கள்.

இனிக் கம்பஸ். பல்கலைக்கழகம் என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. மேடையில் சொல்வார்கள், திருமண அழைப்பிதழில் அடிப்பார்கள். வாயில் வருவது கம்பஸ். பல்கலைக்கழக வளாகம் என்று பொருள்படுகிற அந்தச் சொல் எங்களிடம் முழுப் பல்கலைக்கழகத்துக்கும், அதில் படிக்கிற காலத்துக்கும், அந்தப் படிப்புக்குமே பெயராகிவிட்டது. "கம்பஸில நடந்தது" என்றால் அந்த நாலு வருசத்தில் எங்கேயோ நடந்தது. எந்தக் கம்பஸ் என்பதற்கு ஊர்ப்பெயர். வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை, மொறட்டுவ. கிழக்குப் பல்கலைக்கழகம் என்று முழுதாக உள்ளூரில் சொன்னால் ஆள் ஏதோ அலுவலகக் கடிதம் வாசிப்பதுபோல இருக்கும்.

வந்தாறுமூலைக் கம்பஸ் 1981 ஓகஸ்ட்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகம் ஆனது. இரண்டுமே முதலில் 'கல்லூரி' என்ற படியில் கால் வைத்துத்தான் மேலே ஏறின. அதற்கு முதல் எங்கட அம்மாமார் காலத்தில் கம்பஸ் என்றால் பெரும்பாலும் பேராதனையும் கொழும்பும்தான், அது ரயிலேறிப் போகிற தூரம்.

வந்தாறுமூலை, சித்தாண்டி, கொம்மாதுறைப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் 'கம்பஸ்' என்ற சொல்லில் படிப்பு முதலில் வராது. 1990இல் போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய சனம் அந்த வளவுக்குள்தான் அகதியாக இருந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. "கம்பஸில வச்சுத்தான் புடிச்சுக்கொண்டு போனவங்க" என்று ஒரு தாய் என்ட கடைக் கதிரையில் இருந்து சொல்லும்போது, பக்கத்தில் ஒப்படையை ஸ்டேப்பிள் பண்ணிக்கொண்டு நின்ற பிள்ளையின் கை அப்படியே நின்றது. அவளும் கம்பஸ் பிள்ளைதான். ஒரே சொல், ஒரே வளவு. ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அந்தத் தாய்மார் கொடுத்த மனுக்கள் பலவற்றை நானே அடித்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட்டுக் கம்பஸ் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்பஸோடு சேர்ந்து வருகிற வினைச்சொற்களையும் கவனியுங்கள். 'கம்பஸ் கிடைச்சிட்டு', 'கம்பஸ் எடுபட்டுட்டு'. கிடைக்கிறது, எடுபடுகிறது. அது நியாயமான பேச்சுத்தான். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களிலேயே ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. மிச்சம் எல்லாரும் தகுதி இருந்தும் வெளியே நிற்கிறவர்கள். இந்த ஒரு விசயத்தை எங்கட சனம் சரியாக விளங்கிக்கொண்டால் 'எக்ஸ்டேர்னல் செய்யிறது' என்ற பேச்சே மாறிவிடும். வெளிவாரியாகப் படிக்கிறவர்கள் பரீட்சையில் தோற்றவர்கள் இல்லை. சித்தியடைந்தவர்கள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்கள், அவ்வளவுதான். அதே பிள்ளை வேறொரு மாவட்டத்தில் இருந்து எழுதியிருந்தால் அதே புள்ளிக்கு உள்ளே போயிருக்கவும் கூடும், ஏனென்றால் இடங்களில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில்தான் பகிரப்படுகிறது.

தாளில் எழுதுகிற பெயர்கள் வேறு உலகம். 'பட்டதாரி மாணவர்' என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். எனக்கு அந்தச் சொல்லைக் கண்டால் விரல் நின்றுவிடும். பட்டதாரி என்றால் பட்டத்தைத் தரித்தவர், படித்து முடித்தவர். முடித்தவர் எப்படி மாணவர் ஆவார்? பட்டப்பின் படிப்புப் படிக்கிறவருக்கு வேண்டுமானால் பொருந்தும். சிங்களத்தில் இதற்கு 'உபாதி அபேக்ஷக' என்கிறார்கள், பட்டத்தை எதிர்பார்த்திருப்பவர் என்று அர்த்தம். எவ்வளவு துப்புரவான சொல். தமிழ்நாட்டார் 'இளங்கலை மாணவர்' என்பார்கள். அது கலைப்பிரிவு என்று எங்கட ஆட்களுக்குக் கேட்கும், விஞ்ஞானப் பிள்ளைக்கு எழுத முடியாது. நான் என்ட கடையில் 'பட்டப்படிப்பு மாணவர்' என்று மாற்றி அடித்துக் கொடுப்பேன். சிலர், "அக்கா, பட்டதாரி எண்டே போடுங்க, அதுதான் வடிவு" என்பார்கள். போட மாட்டேன். 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக் கணக்கில் இருந்தபோது 'வேலையற்ற' என்ற அடைமொழியும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. படிப்பை முடிக்க முதலே அந்தப் பெயரைச் சூடிக்கொள்ள என்ன அவசரம்?

மாணவர் என்ற சொல்லுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வடமொழியில் மாணவ, மாணவக என்றால் இளம்பையன். பழந்தமிழில் மாணி என்றால் பிரமச்சாரி, குருவிடம் இருந்து படிக்கிற இளைஞன். மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு வந்த வாமனனைப் பழைய பாடல்கள் மாணி என்றே சொல்கின்றன. தமிழ்நாட்டுப் பட்டப் பெயர்களில் மாணி இல்லை. எங்களிடம் உயிரோடு இருக்கிறது. பி.ஏ. என்றால் தமிழ்நாட்டில் இளங்கலை, எங்களுக்குக் கலைமாணி. பி.எஸ்ஸி. விஞ்ஞானமாணி. அதற்கு மேலே முதுமாணி. அதற்கும் மேலே கலாநிதி, தமிழ்நாட்டில் முனைவர். ஆங்கிலத்தில் பெச்சலர் என்பதற்கும் திருமணம் ஆகாதவர், முதற்பட்டம் பெற்றவர் என்று இரண்டு பொருளும் உண்டு. மாணியும் அப்படித்தான் இரண்டையும் தாங்கி நிற்கிறது. யார் முதலில் பொருத்தினாரோ, அவருக்குத் தமிழும் தெரிந்திருக்கிறது, ஆங்கிலமும் தெரிந்திருக்கிறது.

இப்போது என்ட கடைக்கு வருகிற வெளிவாரிக் கலைமாணிகளைப் பாருங்கள். அரைவாசிப் பேருக்கு மேல் கல்யாணம் முடித்தவர்கள். இடுப்பில் பிள்ளை. பிரமச்சாரி என்ற பழைய பொருள் அவர்களில் முழுதாகக் கழன்று விழுந்து, படிக்கிறவர் என்ற பொருள் மட்டும் மிச்சமாக நிற்கிறது. அதனால்தான் எனக்குத் தோன்றுகிறது, மாணவர் என்ற சொல் வயதுக்கோ வளவுக்கோ சொந்தம் இல்லை என்று. நன்னூல் மாணாக்கரை எட்டு வகையாகச் சொல்லும்போது முதல் வரிசையில் அன்னத்தையும் பசுவையும் வைக்கிறது. புல் கண்ட இடத்தில் வயிறு நிறைய மேய்ந்து, பிறகு ஒரு பக்கமாக இருந்து அசைபோடுகிற பசு. எங்கே படித்தான், எந்தக் கட்டடத்தில் இருந்தான் என்று அந்தச் சூத்திரத்தில் இல்லை. கொண்டதை என்ன செய்தான் என்பதுதான் கணக்கு.

கரடியனாற்றுப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி வருவா. பெயர் வேண்டாம். கடையில் எனக்கு ஆட்கள் இருந்தாலும் அவட வேலையை நானேதான் செய்வேன். பாடக்குறிப்பை முழுப் புத்தகமாகக் கொப்பி எடுக்க அவவிடம் ஒரே தரத்தில் காசு இராது. இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரு பக்கமாக்கி, தாளின் இரு பக்கமும் அடித்து, ஒரு அலகு மட்டும் கொண்டுபோவா. அதைப் படித்து முடித்தால் அடுத்த அலகு. அவட சீ.ஆர். கொப்பியை (தடித்த அட்டை போட்ட குறிப்புப் புத்தகம்) ஒருநாள் மேசையில் விரித்து வைத்துவிட்டு பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கப் போனா. நான் பார்த்தேன். இடது பக்க ஓரத்தில் சிவப்புப் பேனையால் கேள்வி இலக்கங்கள், கடந்த கால வினாத்தாளில் எந்த வருடம் வந்தது என்று. வலது பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னவளின் கிளினிக் திகதி, நெல்லுக்கு உரம் எறிந்த திகதி, மகளிர் சங்கத்துக் கடன் கட்டிய தொகை. நடுவில் மட்டக்களப்பின் குளங்களும் நீர்ப்பாசனமும் பற்றி அவட கையெழுத்தில் இரண்டு பக்கம், அதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத உன்னிச்சைக் குளத்து விபரங்களோடு. குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை, தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் திறக்கும் என்று தெரிந்தவள். அப்படி ஒரு விடையை வந்தாறுமூலைப் பிள்ளைகளின் ஒப்படைகளிலும் நான் நிறையக் கண்டதில்லை. நானும் எத்தனையோ அடித்துக் கொடுத்தவள்தான், தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்தத் தங்கச்சி ஒரு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்பினா. தொழில் என்ற இடத்தில் நான் 'பல்கலைக்கழக மாணவி, வெளிவாரி' என்று அடித்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் அதைப் பேனையால் வெட்டி, மேலே 'வீட்டுப் பெண்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். "அதெல்லாம் மாணவி எண்டு எடுக்கேலாது, கம்பஸ் ஐடி இருக்கோ?" என்று கேட்டார்களாம். அவ அழவில்லை. "அக்கா, மறுகா ஒரு பிறிண்ட் எடுத்துத் தாங்கோ" என்றா. அதே சொல்லை மறுபடியும் அடித்து, பல்கலைக்கழகத்தின் பதிவுக் கடிதத்தையும் பரீட்சை அனுமதி அட்டையையும் பிரதி எடுத்துப் பின்னால் இணைத்துக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ஆளின் பெயர் சரியாக வருவதற்கு மூன்று தாள் வேண்டியிருந்தது.

நானும் வெளிவாரியாகத்தான் கலைமாணி எடுத்தவள். சனி ஞாயிறுகளில் கருத்தரங்கு நடக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகள் மண்முனைப் பாதையில் (ஆட்களை ஏற்றுகிற மிதவை) ஏறி வாவியைக் கடந்து வருவார்கள், அப்போது பாலம் இல்லை. பாலம் 2014இல்தான் திறந்தது. பாதை பிந்தினால் முதல் மணித்தியாலம் போய்விடும், வந்து ஜன்னல் பக்கம் நின்று பக்கத்தில் இருப்பவளின் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள். விடுதி இல்லை, மகாபொல உதவிப்பணம் இல்லை, பட்ச் என்று ஒன்று இல்லை, சீனியர் ஜூனியர் இல்லை. பகிடிவதையும் (ராகிங்) இல்லை என்பது ஒன்றுதான் மிச்சம். நூலகத்தில் இருந்து புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. திங்கட்கிழமை விடிந்தால் அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். ஒருத்தி முன்பள்ளி ரீச்சர், ஒருத்தி அரிசி ஆலையில் கணக்கு, ஒருவர் பொலிஸில், நான் இன்னொருவரின் கடையில் தட்டச்சு. கோயில் திருவிழாவில் ஆராவது மாமி பிடித்து, "மகள் என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டால், நானே "நான் படிக்கல்ல மாமி, எக்ஸ்டேர்னல் செய்யிறன்" என்றுதான் சொல்வேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். ஊர் கொடுத்த சொல் அது.

இலங்கையில் பட்டப்படிப்பு எப்படித் தொடங்கியது என்பதைப் பிறகுதான் ஆறுதலாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க நெஞ்சு நிமிர்ந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே தன் பரீட்சைகளை எங்கிருந்து படித்தவரும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. கொழும்பில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதற்குத் தானாகப் பட்டம் கொடுக்கிற அதிகாரம் இல்லை. அங்கே படித்த அத்தனை பேரும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையைத்தான் எழுதினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரைக்கும் அதுதான் நிலைமை. அப்படியென்றால் இந்த நாட்டில் கலையும் விஞ்ஞானமும் படித்த முதல் தலைமுறை பெரும்பாலும் எக்ஸ்டேர்னல். அவர்களை யாராவது "அவர் எக்ஸ்டேர்னல் செய்தவர்" என்று குறைத்துச் சொன்னார்களா? "இலண்டன் பட்டதாரி" என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

எங்கட விபுலாநந்த அடிகளாரை எடுங்கள். 1892இல் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பில் மிக்கேல் கல்லூரியில் படித்து, பிறகு ஆசிரியராக வேலை பார்த்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றவர். இலண்டனில் போய் இருந்து படிக்கவில்லை. பகலில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்து, மிச்ச நேரத்தில் தானே படித்து எழுதினார். அதாவது வெளிவாரி மாணவர். அவர்தான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். அவர்தான் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். ஒரு கம்பஸ் வளவுக்குள் இருந்து பட்டம் படிக்காத காரைதீவுப் பிள்ளை இரண்டு நாட்டுக் கம்பஸ் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தார். அவர் பெயரில் பள்ளிக்கூடமும் மண்டபமும் நிறுவகமும் வைத்திருக்கிற ஊரில், அவர் படித்த முறையில் படிக்கிற பிள்ளைக்கு மாணவி என்ற பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வெளிவாரிப் படிப்பில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. பரீட்சை உரிய காலத்தில் நடப்பதில்லை, பெறுபேறு வர ஆண்டுக் கணக்கில் ஆகிறது. ரியூசன் குறிப்பை மனனம் செய்து எழுதிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விரிவுரையாளரிடம் நேரில் சந்தேகம் கேட்கிற வாய்ப்பு மிகவும் குறைவு. இவை எல்லாம் படிப்பை நடத்துகிற முறையில் உள்ள குறைகள், திருத்த வேண்டியவை. உள்ளே படிக்கிற பிள்ளைகளிலும் மனனம் செய்கிறவர்கள் இல்லையா? பரீட்சைக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்கு என்ட கடைக் கதவைத் தட்டி சீனியரின் குறிப்பைக் கொப்பி எடுக்க வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களையும் நான் படிக்கிற பிள்ளைகள் என்றுதான் சொல்கிறேன்.

'பிள்ளை' என்ற சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பஸ் பிள்ளை, ஏ.டி.ஐ. பிள்ளை, நர்சிங் பிள்ளை. எங்கட ஊரில் படிக்கிறவருக்கு மாணவரை விட நெருக்கமான பெயர் இதுதான். பஸ்ஸில் கொண்டக்டர் "கம்பஸ் புள்ளைகள் எல்லாம் முன்னால வாங்க, அடுத்தது கேட்" என்று கூப்பிடும்போது அதில் ஒரு வீட்டுச் சொந்தம் இருக்கிறது. ஊர் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கடையில் கடன் கொடுக்கும், போர்டிங்கில் வாடகை பிந்தினால் பொறுக்கும், இரவில் தனியே நடந்தால் "எங்க மகள் போறீங்க" என்று கேட்கும். முப்பத்தைந்து வயதில் படிக்கிற பெண்ணை யாரும் பிள்ளை என்று அழைக்கப் போவதில்லை, அது சரிதான். ஆனால் அந்தச் சொல்லோடு வருகிற பொறுமையும் பராமரிப்பும் அவளுக்கும் வேண்டும். பரீட்சை மாதத்தில் வீட்டில் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். "நாளைக்கு எக்ஸாம், இண்டைக்குச் சடங்கு வீட்டுக்கு வர ஏலாது" என்று அவள் சொன்னால், கம்பஸ் பிள்ளை சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வோமோ அப்படி ஒத்துக்கொள்ள வேண்டும். 'செய்யிறா' என்று சொல்லும் வரைக்கும் அது நடக்காது. செய்கிற வேலையை நாளைக்குத் தள்ளி வைக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

என்ட கடையில் இப்போது வேலை செய்கிற இரண்டு தங்கச்சிமாருக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் "நீங்க எக்ஸ்டேர்னலோ?" என்று கேட்க வேண்டாம், "எந்த வருசம் படிக்கிறீங்க?" என்று கேளுங்கள் என்று. உள்வாரிக்கும் வெளிவாரிக்கும் ஒரே கேள்வி. முதலில் பதில் சொல்லத் தயங்குவார்கள். "நான் கம்பஸ் இல்ல" என்று தொடங்குவார்கள். பிறகு "ரெண்டாம் வருசம்" என்பார்கள். அடுத்த முறை வரும்போது கேட்க முதலே சொல்வார்கள்.

படிவம் நிரப்புகிறவர்களுக்கு: தொழில் என்ற இடத்தில் 'பல்கலைக்கழக மாணவர், வெளிவாரி' என்று எழுதுங்கள், பல்கலைக்கழகத்தின் பெயரையும் பதிவிலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். வேலையும் செய்கிறவர் என்றால் இரண்டையும் எழுதலாம். பதிவுக் கடிதம், கடைசியாக எழுதிய பரீட்சையின் அனுமதி அட்டை, இரண்டிலும் ஒவ்வொரு பிரதி பின்னால் இணையுங்கள். கிராம சேவகரிடம் சான்றிதழுக்குப் போகும்போதும் இவற்றைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் 'தொழில் இல்லை' என்று விழுந்துவிடும். கல்வியியற் கல்லூரியில் இருக்கிறவர்கள் 'ஆசிரிய பயிலுநர்' என்று எழுதுங்கள், ஆசிரியர் என்று எழுதினால் நியமனக் கடிதம் கேட்பார்கள். பட்டப்படிப்புப் படித்துக்கொண்டு இருக்கிறவர்கள் தயவுசெய்து பட்டதாரி என்று எழுத வேண்டாம், பெறுபேறு வந்த பிறகு எழுதுவோம். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் கடையைக் கொஞ்சம் பிந்தித்தான் பூட்டுவேன், பதுளை வீதிப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.